மூன்றாவது சீட்டு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானின் இடுப்பு வலி குறைந்ததா? அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வாய் மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது.

ஒரு சங்கதி சொல்லத்தான் எழுதுகிறேன். ஐந்து மாடி ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் டைல்ஸ் ஒட்டுகிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? போன வாரம் மூன்றாவது மாடிக் குளியலறைகளை முடித்தேன். எஞ்சினியர் ஒரு வாளித் தண்ணீரோடு வந்து நான்கு மூலையிலும் ஊற்றினார். ஒரு சொட்டுகூடத் தேங்கவில்லை. எல்லாத் தண்ணீரும் ஒழுங்காகப் போய்த் துளையில் இறங்கிவிட்டது. அவர் குனிந்து தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க மேஸ்திரி யாரு?" என்றார். தொட்டிக்கு அடியில் படுத்திருந்த பிளம்பர் தலையை வெளியே நீட்டி என்னைக் காட்டினார். "இவங்கதான் சார்."

அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் மேஸ்திரி ஆகிவிட்டேன். பதினொரு வருஷமாக டைல்ஸ்காரம்மா, ஏய், இந்தப் பக்கம் வா, அவ்வளவுதான். இப்போது லாரிக்காரர்கூட, "மேஸ்திரி, சரக்கை எங்க இறக்கட்டும்?" என்று கேட்கிறார். அம்மா அக்கம்பக்கத்தில் ஒரு வீடு பாக்கி வைக்காமல் சொல்லிவிட்டு வந்தாள். முழங்கால் அப்போது வலிக்கவில்லையாம்.

நீதான் அகராதி ஆபீஸில் இருக்கிறாயே, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது என்று பார்த்து எழுது. அப்புறம், உன்னை அங்கே என்னவென்று கூப்பிடுகிறார்கள்? இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.

உன் தங்கை

*

பிப்ரவரி 2

அன்புள்ள வாலுக்கு,

நலம். அத்தானுக்கு இடுப்பு வலி போய்த் தோள்பட்டை வலி வந்திருக்கிறது. அம்மாவை அதிகம் நடக்க விடாதே, ஊர்வலம் போனது போதும்.

பதில் தாமதம். 'ம' வரிசை அச்சுக்குத் தயாராகிறது, அதனால் தலைக்கு மேல் வேலை. வேடிக்கை என்னவென்றால், நீ கேட்ட சொல்லை எப்படிப் புழங்குகிறார்கள் என்று ஊர் ஊராக ஆட்கள் எழுதி அனுப்பிய சீட்டுகள் என் மேசையில்தான் கிடக்கின்றன.

மேஸ்திரி நம் சொல் இல்லை. கப்பலில் வந்த போர்த்துகீசியர் வாயில் 'மெஸ்த்ரே' என்று இருந்தது. கப்பல் தச்சரையும் கொத்தரையும் அவர்கள் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதைக் கேட்டு நம் ஆட்களும் பிடித்துக்கொண்டார்கள். அதற்கும் முன்னால் லத்தீன். அங்கே 'அதிகம்' என்ற பொருளுள்ள ஒரு சொல்லிலிருந்து 'அதிகமானவன்' என்று இது கிளைத்தது. 'குறைவு' என்ற சொல்லிலிருந்து 'குறைந்தவன், ஏவல் செய்பவன்' என்று இன்னொன்றும் கிளைத்தது. இரண்டும் உடன்பிறந்தவை என்று சொல்லலாம்.

ஆனால் அச்சான பழைய பதிப்பில் மேஸ்திரிக்குப் பொருள் 'வேலையாட்களை மேற்பார்ப்பவர்' என்று மட்டுமே இருக்கிறது. நீ யாரையும் மேற்பார்ப்பதாக எழுதவில்லை. ஆகவே கொஞ்சம் அளவோடு சந்தோஷப்படு. கையால் தேர்ந்த வேலை செய்பவர் என்ற பொருளைச் சேர்க்க வேண்டுமானால், அப்படிப் புழங்குகிற வாக்கியம் மூன்று பேரிடமிருந்து மூன்று சீட்டாக வர வேண்டும். வந்ததும் சிவப்புப் பென்சிலால் வரவு தேதி போட்டுப் பெட்டியில் அடுக்குவோம். மூன்றுக்குக் குறைந்தால் அச்சில் ஏறாது. இங்கே வேலை செய்கிறவர்களின் உறவினர் எழுதும் சீட்டும் செல்லாது, அதனால் நீ எழுதி அனுப்பி மெனக்கெடாதே.

இருபத்திரண்டு வருஷமாக நானும் ஒரு வேலையில்தான் இருக்கிறேன். அதைப் பற்றி அம்மா எந்த வீட்டுக்கும் போய்ச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. சும்மா சொன்னேன், அவளிடம் படித்துக் காட்டாதே.

உன் அக்கா

*

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். நீ வேண்டாம் என்ற வரியை விட்டுவிட்டேன். எப்படியோ மோப்பம் பிடித்து, "அவ வேற ஏதோ எழுதியிருக்கா, நீ முழுங்குற" என்றாள்.

இப்போது நிஜமாகவே உன் தயவு வேண்டும். கம்பெனியில் மேஸ்திரி என்று ஒரு பதவி போடப் போகிறார்கள். நிரந்தர வேலை. அதைவிடப் பெரிது, தரையில் எந்தக் கல் எங்கே வர வேண்டும் என்பதை மேஸ்திரிதான் முடிவு செய்வார். கீழ்த்தளம் இன்னும் வெறும் சிமெண்டாகக் கிடக்கிறது. எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. வாசலில் தொடங்கிக் குழந்தைகள் வார்டு வரைக்கும் ஒரே வரிசை நீலக் கல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டாம், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். எஞ்சினியரிடம் சொன்னேன். "மேஸ்திரி ஆயிட்டு வந்து சொல்லுங்க, போட்டுடலாம்" என்றார்.

போட்டிக்கு ஒருவர் இருக்கிறார். டிப்ளமோ படித்தவர், எப்போதும் கட்டம் போட்ட சட்டைதான், அதனால் நாங்கள் கட்டம் என்கிறோம். சாந்துக் கரண்டி பிடித்ததில்லை, நோட்டுப் புத்தகம் பிடிப்பார். மேனேஜர் அவர் பக்கம். "மேஸ்திரின்னா மேற்பார்வை. அதுக்குப் படிப்பு வேணும்" என்றார். எங்கள் ஆட்கள், கைவேலை சுத்தமானவர்தான் மேஸ்திரி என்று மல்லுக்கு நின்றார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அகராதி ஆபீஸ்ல கேப்போம் சார். அவங்க சொல்றதுக்குக் கட்டுப்படுவோம்" என்று சொல்லிவிட்டேன். மேனேஜரும் சரி என்றுவிட்டார். நீ அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே, அந்தத் தைரியம்தான்.

பொய் எதுவும் எழுத வேண்டாம். உள்ளதை எழுதினாலே போதும். சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் உன் மூன்று சீட்டுக் கதையைச் சொன்னேன். பிளம்பர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

உன்னை அங்கே என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்டேனே, அதை விட்டுவிட்டாய்.

உன் தங்கை

*

மார்ச் 6

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உங்கள் கம்பெனியின் கடிதம் வந்தது. பதில் எழுதும் வேலை எனக்கே வந்தது. உள்ளதை உள்ளபடி எழுதி, தலைமைப் பதிப்பாசிரியரிடம் கையெழுத்து வாங்கி நேற்று அனுப்பிவிட்டேன்.

நீ சொல்லும் பொருளுக்கு இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்று தையல் கடையிலிருந்து வந்தது. துணி வெட்டுகிறவரை அங்கே மேஸ்திரி என்கிறார்கள். இன்னொன்று மரப் பட்டறையிலிருந்து வந்தது. மூன்றாவது இல்லை. உங்கள் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் சீட்டுகள் வந்தன, ஆனால் அவை வேறு சொற்களுக்கு. ஆகவே 'மேற்பார்ப்பவர்' என்ற பொருளைத்தான் எழுத முடிந்தது. விதியை நான் போடவில்லை. எனக்காக வளைக்கவும் மாட்டார்கள். நீயே பொய் எழுத வேண்டாம் என்றாய்.

வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார், மேஸ்திரி என்றால் நாலு பேரைக் கட்டி மேய்க்க வேண்டும். உனக்கு அது ஒத்துவருமா? உன் சுபாவத்துக்குக் கரண்டியும் ரசமட்டமும் போதும் என்று எனக்குப் படுகிறது. ஒரு வாரமாக எனக்குத் தலைவலி. டாக்டர் கண்ணாடியை மாற்றச் சொல்கிறார்.

உன் அக்கா

*

மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். தலைவலி எப்படி இருக்கிறது?

பதவி கட்டத்துக்குப் போய்விட்டது. மேனேஜர் உங்கள் கடிதத்தை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். "பாத்தீங்களா, படிச்சவங்க சொல்லிட்டாங்க" என்றார். கட்டம் என்னிடம் வந்து, "தப்பா நினைக்காதீங்க டைல்ஸ்காரம்மா" என்றார். ஒரே நாளில் பழைய பேருக்கு வந்துவிட்டேன்.

அவர் முதல் வேலையாக நான்காவது மாடியில் சரிவுக்குக் குறி போட்டார். துளை ஒரு பக்கம், சரிவு இன்னொரு பக்கம். சொல்லிப் பார்த்தேன். "நோட்ல இப்படித்தான் இருக்கு" என்றார். ஒட்டி முடித்துத் தண்ணீர் ஊற்றினால் அது வாசலைத் தாண்டி வராந்தாவுக்கு வருகிறது. எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்து நான்தான் மறுபடி ஒட்டினேன். மூன்று நாள் ஆயிற்று. கீழ்த்தளம் முழுக்க வெள்ளைக் கல் போடச் சொல்லிவிட்டார். நீலக் கோட்டைப் பற்றி எஞ்சினியரே கேட்டுப் பார்த்தார். "எதுக்கு சார், போர்டு மாட்டிடலாம்" என்று பதில் வந்தது.

அம்மா அக்கம்பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் முழங்கால் என்கிறாள்.

பிளம்பர் நேற்று ஒன்று சொன்னார். பிப்ரவரி கடைசியில் அவரே உங்கள் ஆபீஸுக்கு ஒரு சீட்டு அனுப்பினாராம். என்னிடம் சொன்னால் கூச்சப்படுவேன் என்று சொல்லவில்லையாம். பென்சிலில் எழுதியது, ஒரு மூலையில் கிரீஸ் கறை இருக்கும் என்றார். அது வந்ததா?

உன் தங்கை

*

ஏப்ரல் 6

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அம்மாவுக்கு ஒரு தைலம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். காலையும் மாலையும் தேய்க்கச் சொல், சூடு பறக்கத் தேய்க்க வேண்டும். அத்தானுக்கு இதில்தான் தோள்பட்டை சரியானது. புதுக் கண்ணாடி போட்டுவிட்டேன், படி இறங்கும்போது மட்டும் கொஞ்சம் தடுமாறுகிறது. எங்கள் அறைக்கு வெள்ளை அடிக்கிறார்கள். சீட்டுப் பெட்டிகளை எல்லாம் நடையில் அடுக்கியிருப்பதால் எதையும் தேடி எடுக்க முடியவில்லை. தபாலில் எத்தனையோ தாள் தொலைகிறது, நமக்கு என்ன தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

ஏப்ரல் 15

அக்காவுக்கு,

தைலம் வந்தது. அம்மா தேய்த்துக்கொண்டாள். குணம் தெரிகிறதாம்.

சீட்டு வந்ததா?

தங்கை

*

மே 27

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

சீட்டு வந்தது. பிப்ரவரி 28 அன்று, உங்கள் கம்பெனிக் கடிதத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "எங்க கட்டடத்துல டைல்ஸ் ஒட்டுற அம்மாவை மேஸ்திரின்னு சொல்லுவோம். மேற்பார்வைக்கு வேற ஆளு இருக்காரு. அவரை அப்படிச் சொல்ல மாட்டோம். இந்தம்மா போட்ட தரையில தண்ணிக்கு வழி சொல்ல வேண்டியதில்ல."

இதைவிடத் தெளிவான ஒரு சீட்டு இந்த ஆபீஸுக்கு வந்ததில்லை. அதில் நான் வரவு தேதி போடவில்லை. பெட்டியிலும் வைக்கவில்லை. மடித்து என் கைப்பையில், பழைய கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தேன். மூன்று மாதமாக அதைச் சுமந்துகொண்டு ஆபீஸுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். தலைவலி கண்ணால் வந்தது அல்ல.

உன் மேல் எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன். வயிறு எரிந்தது என்றே வைத்துக்கொள். உன் முதல் கடிதம் வந்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. அத்தான் கேட்டதற்கு அஜீரணம் என்றேன். வீட்டில் என்னை மேலே படிக்க வைத்தார்கள், உன்னைப் பத்தாவதோடு நிறுத்தினார்கள். அதற்காக உன்னைப் பார்த்து நான் பரிதாபப்பட்டிருக்கிறேன், உனக்குத் துணிமணி கொடுத்திருக்கிறேன், இவளுக்கு நான்தான் வழி சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அந்த நினைப்பில் எனக்கு ஒரு சுகம் இருந்திருக்கிறது. நீ மேஸ்திரி ஆனதும் அது போய்விட்டது.

நீ இரண்டு தடவை கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. என்னை இங்கே 'இந்தாம்மா' என்று கூப்பிடுகிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக அதுதான். இந்தாம்மா, அந்தப் பெட்டியை எடு. இந்தாம்மா, இதில் மெய்ப்பு பார். 'க' வரிசையில் பாதி என் கையால் ஆனது, முகப்பில் என் பெயர் இல்லை. நிபுணர், வல்லுநர், விற்பன்னர், வித்தகர் எல்லாவற்றுக்கும் பொருள் எழுதியவள் நான். அதில் ஒன்றைக்கூட யாரும் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. ஒரு பிளம்பர் உனக்காகப் பென்சிலைச் சீவி, நின்று நிதானமாக எழுதியிருக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று சீட்டைத் தலைமைப் பதிப்பாசிரியரிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வரவு தேதி எங்கே?" என்று மட்டும் கேட்டார். பிறகு 'ம' வரிசைப் பெட்டிகளின் சாவியை வாங்கிக்கொண்டார். புதுப் பொருளைச் சேர்த்தாயிற்று, உங்கள் கம்பெனிக்குத் திருத்தக் கடிதமும் போய்விட்டது. அதை அவர் தானே உட்கார்ந்து எழுதினார்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீலக் கோட்டை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

அக்கா

*

ஜூலை 18

அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். அம்மாவுக்கு இன்னொரு புட்டி தைலம் அனுப்பு.

உன் கடிதத்துக்கு ஐந்து பதில் எழுதினேன். ஐந்தையும் கிழித்துவிட்டேன். அதில் இருந்ததை நீ படிக்காமல் இருப்பது நல்லது.

திருத்தக் கடிதம் வந்தது. மேனேஜர் இந்தத் தடவை சத்தமாகப் படிக்கவில்லை. "அடுத்த முறை பாக்கலாம்" என்றார். அடுத்த முறை என்றால் எப்போது என்று உங்கள் அகராதியில் இருந்தால் எழுது. கீழ்த்தளத்தில் வெள்ளைக் கல் ஒட்டி முடிந்து, அங்கே ஆஸ்பத்திரியும் திறந்தாயிற்று. பாதிக்கு மேல் நானே ஒட்டினேன். போன வாரம் ஒரு அம்மா காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, எக்ஸ்ரே அறை வாசலில் நின்று, "பிள்ளைங்க வார்டு எங்கங்க?" என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே போர்டு இருக்கிறது. கையில் பிள்ளை இருக்கும்போது யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்? நான் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே போனேன்.

அதிகம், குறைவு என்று எழுதியிருந்தாயே, இரண்டும் உடன்பிறந்தவை என்று. அதை இப்போது மறுபடி படித்தேன். நான் குறைவாக இருந்தவரைக்கும் நீ நல்ல அக்கா. நீ தந்த துணியை நான் எத்தனை பொறாமையோடு போட்டுக்கொண்டேன் என்று உனக்குத் தெரியுமா? உன் பேனா, உன் மேசை, உன் மின்விசிறி. வெயிலில் மணல் சலிக்கும்போதெல்லாம் உன் மின்விசிறிதான் ஞாபகம் வரும். அதற்காக நான் உன் வேலையில் கை வைக்கவில்லை. வைக்க வாய்ப்பு வரவில்லை என்றும் சொல்லலாம். வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை, அதனால்தான் இந்த ஆறாவது கடிதம்.

கோபம் போகவில்லை. நேரில் வா, சண்டை போட வேண்டியது நிறைய இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பிளம்பரிடமும் தபாலில் தொலைந்து கிடைத்தது என்றுதான் சொன்னேன்.

எப்போதும் வீட்டு விலாசத்துக்கு எழுதுவேன். இதை ஆபீஸுக்கு அனுப்புகிறேன். உறையைப் பார்த்திருப்பாய். உனக்கு வலிக்கட்டும் என்றுதான் அப்படி எழுதினேன், பாதிக்கு. மீதிப் பாதி நிஜம்.

தங்கை

*

ஜூலை 24

அன்புள்ள வாலுக்கு,

நலம். தைலம் இரண்டு புட்டி அனுப்பியிருக்கிறேன். அடுத்த மாதம் பத்து நாள் விடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறேன். சண்டைக்குப் பத்து நாள் போதுமா என்று எழுது.

நேற்று காலை தபால் பிரிக்கிறவர் எங்கள் கூடத்தின் நடுவில் நின்று, உன் உறையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, சத்தமாகப் படித்தார். "மேஸ்திரி அம்மா, அகராதி ஆபீஸ்." பதினாறு மேசையும் நிமிர்ந்தது. யாரோ சிரித்தார்கள். "இங்க மேஸ்திரி யாரு?" என்று அவரே கேட்டார்.

உனக்குப் பிளம்பர் இருந்தார். எனக்காக யார் கை காட்டுவார்கள்? நான் என் மேசையில் இருந்த மெய்ப்பையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காது சுட்டது. குனிந்தே இருந்தால் போதும், உறையைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்றுகூட நினைத்தேன். இரண்டாவது தடவையும் கேட்டார். அப்போது தலைமைப் பதிப்பாசிரியர் எழுதுவதை நிறுத்தாமல், தலை தூக்காமல், இடது கையை மட்டும் என் மேசைப் பக்கம் நீட்டினார்.

தபால் பிரிக்கிறவர் வந்து, "இந்தாம்மா, உனக்குத்தானாம்" என்று போட்டுவிட்டுப் போனார்.

உடன்பிறந்தவள் எழுதிய சீட்டு விதிப்படி செல்லாது. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் உறையின் மூலையில் சிவப்புப் பென்சிலால் வரவு தேதி போட்டேன்.

உன் அக்கா